படம் பேசட்டும், பாட்டாளியும் பேசட்டும்!

கடலுக்கு வாய் இல்லை. கடலில் வாழும் உயிர்களுக்கு வாக்கு இல்லை. வாயும் இன்றி, வாக்கும் இன்றி இருப்போருக்கு நாட்டில் என்ன மதிப்பு என்பதை, தோழர்களே, நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை!

2025ஆம் ஆண்டு சனவரித் திங்கள். சென்னைக் கடற்கரையில் பிணங்கள் ஒதுங்கின. ஒன்றா, பத்தா? அந்தப் பருவத்தில் ஆயிரத்தைத் தாண்டிற்று கணக்கு. நம் மீனவர் ‘பங்குனி ஆமை’ என்று பெயரிட்டு அழைக்கும் கடலாமைகள் அவை. முட்டையிட மணல் தேடி வந்தவை, மூச்சிழந்து மணலில் கிடந்தன. உடலை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள், நீரில் மூழ்கிச் செத்ததற்கான அடையாளங்களைக் கண்டனர்.

கடலிலே வாழ்கிற ஆமை கடலிலே மூழ்கிச் சாவதா என்று கேட்கத் தோன்றும். ஆமை மீனல்ல. அதற்குச் செவுள் இல்லை. நம்மைப் போல நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் கீழே போகும். போன இடத்தில் விசைப்படகின் இழுவலை வாரிக்கொண்டால், மணிக்கணக்கில் இழுபடும் அந்த வலைக்குள்ளிருந்து மேலே வர வழி ஏது? மூச்சு முட்டும், சாகும். வலையைத் தூக்கும்போது பிணம். கடலிலே எறிந்தால் மிதக்கும் பிணம். அலை கொண்டுவந்து போட்டால் கரைப் பிணம்!

இந்தச் சாவு புதிதன்று. ஆண்டுதோறும் ஒதுங்கியவைதாம், ஆண்டுதோறும் புதைக்கப்பட்டவைதாம். 1988ஆம் ஆண்டு முதல், சென்னையின் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் பருவந்தோறும் இரவில் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். செத்த ஆமைகளையும் எண்ணி எழுதுகிறார்கள். எழுதிய கணக்கு ஏட்டில் இருந்தது. ஊரின் நெஞ்சில் ஏறவில்லை. 2025இல் மட்டும் ஏன் ஏறிற்று? எண்ணிக்கை பெரிது என்பது ஒரு காரணம். மற்றொன்று, கரையில் நடந்தவன் கையில் கைப்பேசி இருந்தது. படம் எடுத்தான், அனுப்பினான். முகநூலில் ஏறிற்று, வாட்ஸ்அப்பில் ஓடிற்று. ஏடுகள் எழுதின; தொலைக்காட்சிகள் காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எவரேனும் வழக்கிடட்டும் என்று காத்திராமல், தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பதில் சொல்லவேண்டியவர்கள் பதில் சொல்ல எழுந்தார்கள்.

வாயில்லா உயிருக்கு ஒரு வாய் கிடைத்தது. அந்த வாய்க்குச் சமூக ஊடகம் என்று பெயர்!

“ஆமைக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு? மனிதனுக்கே சோறு பற்றவில்லை, ஆமைக்குக் கண்ணீரா?” என்று கேட்போர் உளர். கேட்கட்டும். கேள்வி கேட்பது நம் மரபு. அதற்குப் பதில் சொல்வதும் நம் மரபே.

இழுவலை கடலின் அடித்தரையை வாருகிறது. ஆமையை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை அது. விற்க உதவாத மீன்குஞ்சையும், முட்டை தாங்கிய தாய்மீனையும், நண்டையும், சங்கையும் சேர்த்தே அள்ளுகிறது. கரையோரக் கடல் சிறு மீனவனின் வயல். அந்த வயலின் விதைநெல்லையே வாரிப் போகிறது வலை! ஆகவேதான் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு அடிப்படை. அந்த விதி மீறப்படும் இடத்தில் முதலில் மிதப்பது ஆமையின் உடல். அடுத்துக் கவிழ்வது ஏழை மீனவன் வீட்டுச் சோற்றுப்பானை! ஆமைக்காகப் பேசுவதும் அவனுக்காகப் பேசுவதும் வேறு வேறு வேலை அல்ல.

எனவே, இது நம் வேலை. நம் வேலைக்கு நம் கருவி என்ன?

பெரிய ஏடுகள் நம்மை ஏறெடுத்தும் பாராத காலத்தில் இந்த இயக்கம் எப்படி வளர்ந்தது? காலணாவும் அரையணாவும் சேர்த்து நடத்திய சிற்றேடுகளால் வளர்ந்தது. முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டதால் வளர்ந்தது. தெருமுனை மேடையால் வளர்ந்தது. நாடகக் கொட்டகையால் வளர்ந்தது. இன்று படிப்பகம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. மேடை உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. ஒலிபெருக்கிக்கு வாடகை இல்லை; சுவரொட்டிக்குப் பசை தேவையில்லை. இருப்பவன் வீட்டுப் பிள்ளையும் இல்லாதவன் வீட்டுப் பிள்ளையும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போனவனால் இயக்கம் வளரவில்லை. படித்தவன் பேசினான், பேசியவன் கூடினான், கூடியவன் கோரிக்கை வைத்தான். சுயமரியாதைத் திருமணம் 1967இல் சட்ட ஏற்புப் பெற்றதென்றால், அது ஒரு நாள் உருகியதன் விளைவா? ஊர் ஊராக, மணப்பந்தல் மணப்பந்தலாக, பல பத்தாண்டுகள் பேசியதன் விளைவு! படம் பார்த்து விரலால் ஒரு இதயக்குறியைத் தட்டிவிட்டுப் படுத்து உறங்குவது இரக்கம், இயக்கம் ஆகாது.

இந்தக் கருவிக்கு இரு பக்கமும் கூர் உண்டு என்பதற்குக் கடல் கடந்த நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. நடு அமெரிக்காவிலே கோஸ்டா ரிக்கா என்று ஒரு சிறு நாடு. அங்கே 2015ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கடலாமை ஆராய்ச்சிக்குச் சென்ற குழுவினர் ஓர் ஆமையின் மூக்கில் ஏதோ சிக்கியிருப்பதைக் கண்டனர். நம் கரைக்கு வருகிற அதே பங்குனி ஆமை இனம். குறட்டால் பிடித்து இழுத்தனர். இரத்தம் வடிந்தது, ஆமை துடித்தது. கடைசியில் வெளியே வந்தது என்ன? குளிர்பானம் குடித்துவிட்டு நாம் வீசி எறிகிறோமே, அந்த பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்! குழுவிலிருந்த கிறிஸ்டின் ஃபிகனர் என்ற உயிரியல் அறிஞர் அதைப் படமெடுத்து யூடியூபில் வெளியிட்டார். கோடிக்கணக்கானோர் கண்டார்கள். உறிஞ்சுகுழலை விலக்கவேண்டும் என்ற பேச்சு நாடு நாடாகக் கிளம்பிற்று. 2018இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் உணவகங்களில் அதைத் தடுத்தது. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடைப் பட்டியலிலும் உறிஞ்சுகுழல் உண்டு. இவையெல்லாம் அந்த ஒரு படத்தால் விளைந்தவை என்று கூறமாட்டோம். ஆனால், அறிக்கைகள் ஆயிரம் சொல்லியும் கேளாத செவிகளை அந்தப் படம் திறந்தது என்பதை மறுப்பார் இல்லை.

அதே நாடு. அதே இன ஆமை. அதே ஆண்டு. அடுத்த திங்கள், செப்டம்பர்! ஓஸ்தியோனல் என்னும் கடற்கரையில் ஆமைகள் கூட்டங்கூட்டமாக முட்டையிட வரும் காலம். வேடிக்கை பார்க்க மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டனர். கையிலே கைப்பேசி, கண்ணிலே ஆவல். ஆமையோடு சேர்ந்து நின்று படம் எடுக்கவேண்டுமாம்! குழந்தையைத் தூக்கி ஆமையின் முதுகில் வைத்துப் படம் எடுத்தவர்களும் உண்டு. முட்டையிட வந்த தாய்கள், இடம் கிடைக்காமல், முட்டையைச் சுமந்தபடியே கடலுக்குத் திரும்பின.

ஆகஸ்டிலே காத்தது கைப்பேசி. செப்டம்பரிலே கெடுத்ததும் கைப்பேசி! குற்றம் கருவியிலா இருக்கிறது? ஆகஸ்டிலே ஆமைக்காகப் படம் எடுத்தார்கள். செப்டம்பரிலே தமக்காக எடுத்தார்கள். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அந்த வேறுபாட்டில்தான் ஓர் இனத்தின் வாழ்வும் சாவும் இருக்கிறது.

இன்னொரு கேடும் உண்டு. அது பாட்டாளியைத் தொடுகிற கேடு.

கரையில் கிடக்கும் ஆமையின் பிணத்தைப் படம் காட்டும். அதைக் கொன்ற வலை படத்தில் இருக்காது. அந்த வலையை விரித்த படகு படத்தில் இருக்காது. விதி மீறிய படகை மடக்கவேண்டிய காவல் எங்கே போயிற்று என்பதும் படத்தில் இருக்காது. படத்தில் இருப்பது பிணமும், பின்னால் தெரியும் மீனவக் குப்பமும்! பார்த்தவன் என்ன எழுதுகிறான்? “இந்த மீனவர்களுக்கு இரக்கமே இல்லை” என்று எழுதுகிறான். குளிரூட்டிய அறையில் இறால் வறுவலைச் சுவைத்தபடி எழுதுகிறான்! அந்த இறால் எந்த வலையில் வந்தது என்று அவன் கேட்டதுண்டா?

கட்டுமரத்திலும் சிறு நார்ப்படகிலும் போகிறவனையும் இழுவலைப் படகையும் ஒரே தட்டில் வைப்பது அறியாமை. இழுவலைப் படகிலே கூலிக்குப் போகிறவனையும் அதன் முதலாளியையும் ஒரே தட்டில் வைப்பது அதனினும் பெரிய அறியாமை. டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் கழித்தது போக மிஞ்சியதில் பங்கு வாங்குகிறவன், வலையை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறவனா?

வழி இல்லாமலும் இல்லை. வலைக்குள்ளே சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் பொருத்துகிறார்கள். இறாலும் சிறு மீனும் கம்பிகளின் இடையே புகுந்து பின்மடிக்குப் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி, அங்குள்ள திறப்பு வழியே வெளியேறும். ஆமை தப்பிக்கும் கருவி அது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றதாக அதைச் செய்து காட்டியிருக்கிறது. இந்தக் கருவி நடைமுறையில் இல்லை என்று காரணம் காட்டித்தான், இந்தியக் கடலில் பிடித்த இறாலை 2019இல் அமெரிக்கா தன் சந்தைக்குள் விட மறுத்தது. ஆமை செத்ததால் நம் இறாலின் விலையும் செத்தது! அப்படியிருந்தும் வலைகளில் அந்தச் சட்டம் பரவவில்லையே, ஏன்? அதன் விலையை யார் தாங்குவது, பிடிபாடு கொஞ்சம் குறைந்தால் அந்த இழப்பை யார் ஈடு செய்வது என்ற கேள்விகள் அந்தரத்தில் தொங்குவதால்! “மீனவனே, திருந்து!” என்று பதிவு போடுவது எளிது. “அரசே, கருவியைக் கொடு, இழப்பீட்டைக் கொடு, பிறகு விதியைக் கண்டிப்பாக நடத்து!” என்று கேட்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். நாம் போடவேண்டிய பதிவு இரண்டாவது.

இப்படிச் செய்து வென்ற இடம் உண்டா? உண்டு, குஜராத்திலே. அந்தக் கடலில் திமிங்கலச் சுறா என்னும் பெருமீனை முன்னாளில் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடினர். மைக் பாண்டே என்ற படப்பிடிப்பாளர் அந்தக் கொலைக்களத்தைப் படமாக்கி 2000ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டினார். 2001இல் இந்திய அரசு அந்தச் சுறாவை வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. படம் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் கடலில் மீனவனை மாற்றியது சட்டம் மட்டுமன்று. 2004இல் இந்திய வனஉயிர் அறக்கட்டளை ஊர் ஊராகப் போய்ப் பரப்புரை செய்தது. மொராரி பாபு என்ற சமயச் சொற்பொழிவாளர், பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது இந்தச் சுறா என்று பேசினார். நமக்கும் அவருக்கும் கொள்கை வேறுபாடு கடலளவு. எனினும், மக்களிடம் மக்கள் மொழியில் பேசினால் நெஞ்சு திறக்கும் என்பதற்கு அது சான்று. அதைவிடப் பெரிய செய்தி வேறு. சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவனுக்கு, அறுந்த வலைக்கான பணத்தை அரசு கொடுத்தது. அவன் கையிலேயே படக்கருவியையும் கொடுத்தார்கள். “நீ விடுவிப்பதை நீயே படமெடுத்துக் காட்டு, அதுவே போதிய சான்று” என்றார்கள். அதிகாரி வந்து பார்த்து ஒப்பமிடும்வரை சுறா வலையில் துடிக்கவேண்டிய தேவை இல்லாது போயிற்று. நூற்றுக்கணக்கான சுறாக்கள் உயிரோடு கடல் திரும்பின.

கவனியுங்கள் தோழர்களே! வேட்டைக்காரன் என்று பழிக்கப்பட்டவன் கையில் படக்கருவி வந்ததும் அவனே காவலனானான். அவன் சொல்லை நம்பினார்கள்; அவன் இழப்பைத் தாங்கினார்கள். மானமும் மாற்றுப்பொருளும் கொடுத்தால் மாறாத பாட்டாளி இல்லை!

நம் நாட்டிலும் அந்த விதை விழுந்திருக்கிறது. மீனவர் ‘ஆவுளியா’ என்று அழைக்கும் கடற்பசு, பாக் நீரிணையின் கடற்புல்லை மேய்ந்து வாழும் பிராணி. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் அதுவே. அந்தக் கரையின் மீனவர்கள், வலையில் சிக்கிய ஆவுளியாவை மீண்டும் கடலில் விட்டு, அதைக் கைப்பேசியில் படமெடுத்து வனத்துறைக்குக் காட்டுகிறார்கள். பாராட்டும் வெகுமதியும் பெறுகிறார்கள். அந்தப் படங்களல்லவா வீட்டுக்கு வீடு போகவேண்டும்? பிணத்தின் படம் ஒரு நாள் கலக்கும்; மீட்பின் படம் ஓராயிரம் கைகளை மீட்பில் இறக்கும்!

அதற்கு மாறாக எது போகிறது? துடுப்பு மீன் என்று ஒரு மீன். ஆழ்கடலில் வாழும், வெள்ளிப் பட்டை போல நீண்டது. 2025ஆம் ஆண்டு தமிழக மீனவர் வலையில் ஒன்று சிக்கிற்று. உடனே கிளம்பிற்று புரளி: “அழிவின் அறிகுறி! நிலநடுக்கம் வரும்! ஆழிப்பேரலை வரும்!” மீன் சோதிடம் பார்க்கிறதாம்! கிளி சோதிடம் ஓய்ந்து மீன் சோதிடம் வந்துவிட்டது! சப்பானிய ஆய்வாளர்கள் இதை 2019இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆழ்கடல் மீன்கள் தோன்றிய 336 நிகழ்வுகளையும் 221 நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இசைவு காணக்கூடியது ஒரே ஒரு நிகழ்வு! அந்த ஆய்வு எத்தனை கைப்பேசிக்குப் போயிற்று? புரளி எத்தனை கைப்பேசிக்குப் போயிற்று? பகுத்தறிவு இல்லாதவன் கையில் கைப்பேசி இருந்தால், பழைய உடுக்கைக்குப் புதிய மின்கலம் போட்டதுதான் மிச்சம்.

ஆகவே, கரையோர ஊர்களில் உள்ள தோழர்களுக்குச் சில வேலைகள்.

செத்த ஆமையோ உயிருள்ள ஆமையோ கரை ஒதுங்கினால், நாளும் நேரமும் இடமும் குறித்துப் படம் எடுங்கள். முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள், பிறகு ஊருக்குச் சொல்லுங்கள். ஆண்டு தெரியாத, ஊர் தெரியாத படத்தை அடுத்தவனுக்குத் தள்ளாதீர்கள். ஒரு பொய்ப் படம் நூறு மெய்ப் படத்தின் மதிப்பைக் கெடுக்கும்.

முட்டையிட வந்த ஆமையின் முகத்தில் விளக்கு அடிக்காதீர்கள். அது அஞ்சித் திரும்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகளின் அருகில் வெளிச்சம் காட்டாதீர்கள். ஒளி தெரியும் திசையே கடல் என்று நம்பி அவை வழி தவறும். தொடாதீர்கள், தூக்கிப் பிடித்துப் பல் காட்டாதீர்கள். முட்டை புதைத்த இடத்தை ஊரறியப் பரப்பாதீர்கள். நல்லவன் பார்க்கும் திரையைத் திருடனும் பார்க்கிறான்.

கரைக்கு அருகே இழுவலைப் படகு வந்தால், அதைப் படமெடுத்து மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள். முதல் நாள் கேட்பவர் பலர். பத்தாம் நாள் கேட்பவனே தொண்டன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மீனவனைப் பேசவிடுங்கள். ஆமையைப் பற்றி அறிஞர் பேசுகிறார், அதிகாரி பேசுகிறார், நடிகர் பேசுகிறார். ஆமையைத் தினமும் கடலிலே பார்க்கிறவன் பேசக் காணோம்! அவன் பேச்சைப் பதிவு செய்யுங்கள். காற்றின் திசையும் நீரோட்டமும் அவன் அறிவான். எந்தத் திங்களில் எந்தக் கரைக்கு ஆமை வருகிறது என்பது அவனுக்குத் தெரியும். எந்தப் படகு விதி மீறுகிறது என்பதும் தெரியும். அவனுடைய கருவிக் கோரிக்கையும் இழப்பீட்டுக் கோரிக்கையும் ஆமைப் படத்தோடு சேர்ந்தே பயணம் செய்யட்டும்.

ஆமையைக் காட்டி மீனவனைப் பழிப்பது ஒரு கட்சி. மீனவனைக் காட்டி ஆமையை மறப்பது இன்னொரு கட்சி. நாம் இரண்டும் அல்ல. ஆமையும் வாழவேண்டும், அந்தக் கடலை நம்பிய பாட்டாளியும் வாழவேண்டும் என்பது நம் கட்சி.

கையிலே இருப்பது கண்ணாடித் துண்டென்று எண்ணினால், அதில் நம் முகம் மட்டுமே தெரியும். அது கலங்கரை விளக்கம் என்று எண்ணுவோம். கடல் தெரியும், அங்கே துடிக்கும் உயிர் தெரியும், உழைக்கும் தோழனும் தெரிவான். விளக்கை உயர்த்துங்கள், தோழர்களே!